ஒன்பது லட்சம் ஓடிய சூறை

ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய 'சூறை' என்ற செடான் கார், சிங்காநல்லூர்ப் பட்டறையின் நடுவில் பானட் திறந்து நின்றது. எட்டு லட்சம் தாண்டிய எந்தப் பழகுலோக வண்டியும் இனி மலை ஏறக் கூடாது, ஒன்று புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும் என்று மலைப் போக்குவரத்து அலுவலகம் கெடு வைத்துவிட்டது. கெடு முடிய ஐந்து வாரம் இருந்தது. அதை ஓட்டும் நறுமுகை வண்டியின் முன்னால் கை கட்டி நின்றாள். ஐம்பத்து நான்கு வயதில் அவள் அப்படி யார் முன்னாலும் நின்றதில்லை.

பழகுலோகம் வந்து முப்பது வருடம் ஆகிறது. தொடத் தொட, ஓட்ட ஓட்ட, தன்னை ஆள்கிறவரின் கைக்கும் காலுக்கும் தக்கபடி உள்ளுக்குள் அணுவணுவாக நகர்ந்துகொள்ளும் உலோகம் அது. அருவாமனை வெங்காயம் நறுக்குகிறவளின் வேகத்துக்கு வளைந்தது. மூக்குக் கண்ணாடி மூக்கைத் தெரிந்துகொண்டது. வண்டிகளைக் கேட்கவே வேண்டாம். பழைய வண்டி என்றால் தேய்ந்த வண்டி என்ற பேச்சே ஒழிந்துபோய், பழைய வண்டி என்றால் படித்த வண்டி என்று ஆகிவிட்டது. அதிகம் ஓடியதற்குத்தான் சந்தையில் மவுசு. எட்டு லட்சத்துக்கு மேல் ஓடினால் உலோகம் நொறுங்க ஆரம்பிக்கும் என்பது ஒன்றுதான் குறை.

சூறையின் புகழோ மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி வரைக்கும் பேசப்பட்டது. பனி இறங்கிய நாட்களில் மருந்து சுமக்கும் பறப்பான்களுக்குக் கண் தெரியாது, ஆளில்லா வண்டிகளுக்கும் தெரியாது. அந்த நாட்களில் ஊட்டி ஆஸ்பத்திரிக்கு ரத்தமும் மருந்தும் சூறையில்தான் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து எழுபது நிமிடத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. சூறை ஐம்பத்தெட்டில் போயிருக்கிறது. போக்குவரத்துக் கம்பெனியின் காலண்டரில் வண்டியின் படம் மட்டும் இருந்தது. ஓட்டுகிறவளையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டதற்கு, "நான் எதுக்குங்க? மலையைப் படிச்சது அது" என்று சொன்னவளே நறுமுகைதான்.

"ரெண்டு வழிதானுங்க அக்கா" என்றான் பட்டறைக்காரன் மிதுன். இருபத்திரண்டு வருடமாகச் சூறைக்கு வைத்தியம் பார்க்கிறவன் அவன். "புதுப்பிச்சா, எல்லாத்தையும் உலையில வெச்சு இளக்கிருவோம். உடம்பு நம்ம சூறைதான், ஆனா பழக்கம் அத்தனையும் போயிரும். மாத்துனா புது வண்டி. எப்படிப் பாத்தாலும் முதல்ல இருந்து பழக்கோணும்."

"இத்தனை வருசம் அது படிச்சதை உலையில போடச் சொல்றியா?"

"நான் எங்கீங்க சொன்னேன், சர்க்காரு சொல்லுது."

"ஒன்பதாவது வளைவுல நான் பிரேக்கை நெனைக்கறதுக்கு முந்தியே அது புடிக்கும் மிதுனு. புது வண்டி அதைப் படிச்சு முடிக்க நாலு வருசம் ஆகும். அதுவரைக்கும் பனி நாள்ல ரத்தம் வேணுங்கறவன் என்ன பண்ணுவான்? ரத்தம் கொண்டுபோற உரிமத்தை வேற எவனுக்கோ குடுத்துட்டு நான் ஊட்டில பஸ் ஓட்டறதா?"

மிதுன் தலையைச் சொறிந்தான். கடைசியில், "எதுக்கும் பழக்கமானிய வெச்சுப் பாத்தரலாங்க. எந்தெந்த இடம் நல்லாப் பழகியிருக்குன்னு தெரிஞ்சா, கொஞ்சமாவது படி எடுத்துப் புது வண்டிக்கு ஏத்தலாம்" என்றான்.

பழக்கமானி என்பது உள்ளங்கை அகலக் கருவி. உலோகத்தின் மேல் வைத்தால் அது எப்போது, எவ்வளவு நகர்ந்தது என்று வரைந்து காட்டும். மிதுன் ஸ்டீயரிங் தண்டில் வைத்தான், பிரேக்கில் வைத்தான், நான்கு சக்கரத்து அச்சிலும் வைத்தான். பிறகு எல்லாவற்றிலும் திரும்ப வைத்தான். திரையில் கோடு ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஏறியது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் வந்ததும் அப்படியே படுத்துவிட்டது. அதற்கப்புறம் ஓடிய ஆறு லட்சத்துச் சொச்சத்திலும் கோடு இம்மியும் அசையவில்லை.

"கருவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

மிதுன் கோடு படுத்த தேதியைப் பார்த்தான். பதினோரு வருடத்துக்கு முந்தைய அக்டோபர் மாதம். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தலையை விட்டு, ஒரு சின்ன மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தான். உலோகத்தைப் பழக விடும் சுவிட்சான பழகுவிசை அங்கே அணைந்திருந்தது. அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் கருத்துப்போன குங்குமப் பொட்டு.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியக் கொஞ்சம் சிரமம். ஆயுத பூஜை அன்று கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாது. உழைக்கிற பொருளுக்கு வருடத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இன்ஜின் ஓயும், லேத் ஓயும். பழகுலோகம் வந்த பிறகு, கற்றுக்கொள்வதும் ஒரு வேலைதானே, அதுவும் ஓயட்டும் என்று பழகுவிசையையும் அணைத்துப் பொட்டு வைக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் விஜயதசமிக்குத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

"அந்த வருசம் விஜயதசமிக்குப் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்தப் போயிட்டேனுங்க" என்றான் மிதுன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போட மறந்துட்டேன். அடுத்தடுத்த வருசம் மேல ஒரு பொட்டு வெச்சதோட சரி. உள்ள திறந்தே பாக்கலை. என்னைச் செருப்பால அடிங்க அக்கா."

நறுமுகைக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. "பதினோரு வருசமா நான் ஓட்டுனது தூங்கிட்டிருந்த வண்டியவா? கூறுகெட்ட நாயே, ஊரே வந்து இதைத் தொட்டுக் கும்பிட்டுப் போச்சேடா" என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் மூச்சு வாங்குகிற இடைவெளியில்தான், பயந்து பயந்து ஒன்று கேட்டான்.

"அக்கா, அந்த ஐம்பத்தெட்டு நிமிசம் எந்த வருசமுங்க?"

"ஆறு வருசம் இருக்கும்."

"விசை அணையறதுக்கு முந்தி, நம்ம நல்ல நேரம் எத்தனைங்க?"

"அறுபத்தேழு."

சொல்லிவிட்டு நறுமுகை கவிழ்த்து வைத்திருந்த டின் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். ஒன்பதாவது வளைவு ஞாபகம் வந்தது. அங்கே பிரேக் இரண்டு விரல் தாமதமாகப் பிடிக்கும், ஸ்டீயரிங் இடது பக்கம் கொஞ்சம் கனக்கும். அது தெரிந்துதான் வலது கால் முன்கூட்டியே அசைந்திருக்கிறது. வண்டி அவளுக்காக நகரவில்லை. அவள்தான் ஒவ்வொரு பனியிலும், ஒவ்வொரு வளைவிலும், நகராத அந்த இரும்புக்கு ஏற்றபடி நகர்ந்திருக்கிறாள். அத்தனை பேரும் சூறை சூறை என்று கொண்டாடியபோது அவளும் கூடச் சேர்ந்து கொண்டாடியிருக்கிறாள். பெருமையாக இருந்தது. இந்தப் பெருமையை இத்தனை நாள் ஒரு வண்டிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"புது வண்டில இந்த விசை எங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

"புதுசுல விசையே இல்லைங்க. எப்பவும் பழகிட்டேதான் இருக்கும்."

"அப்ப மாத்த வேண்டாம். சூறையைப் புதுப்பி. விசையை மட்டும் போடாத."

"உலையில இருந்து வந்தா அது வேற மாதிரி இருக்குமுங்க. உங்க கால் கணக்கு எதுவும் செல்லாது."

"அது என் கவலை. இந்தத் தடவை தெரிஞ்சே பழகறேன்."

மூன்று வாரத்தில் வண்டி வந்தது. முதல் நாள் ஓட்டத்தில் எண்பத்து மூன்று நிமிடம் எடுத்தது. பர்லியாறில் ஒரு காய்கறி லாரிக்காரன் ஹாரன் அடித்து முந்திப்போனான். பிரேக் தொட்டதுமே பிடித்தது, ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி வழுக்கியது, இரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அவள் கால்களும் கைகளும் திணறின. இரவெல்லாம் தோள் வலித்தது. பத்தாம் நாள் எழுபத்திரண்டு. பதிமூன்றாம் நாள் பனியில் அறுபத்தாறு. அன்று ஊட்டியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்தாள். உரிமத்துக்கான கடைசித் தேர்வு நாளில், போக்குவரத்து அதிகாரி லோகித் பக்கத்து இருக்கையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வர, அறுபத்தொரு நிமிடத்தில் ஏறி முடித்தாள்.

சிக்கல் அலுவலகத்தில் காத்திருந்தது.

"நேரம் பிரமாதங்க மேடம்" என்றார் லோகித். "ஆனா உரிமம் வண்டியோட பழக்க மதிப்பெண்ணுக்குத்தான். குறைஞ்சது அறுபது வேணும். உங்க வண்டிக்குச் சுழியம் காட்டுது. அது ஒண்ணுமே பழகலைங்களே."

"அது பழகலைங்க சார். நான் பழகியிருக்கேன். உங்க கண்ணு முன்னாலதானே ஏறினேன்?"

லோகித் நல்ல மனிதர். வழி இருக்கிறதா என்று யோசித்தார். படிவத்தில் 'பழகிய பொருள்' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அதில் வண்டி எண்ணைப் போடுவார்கள். அவர் துணிந்து நறுமுகையின் பெயரைப் போட்டார். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. அவளுடைய முப்பத்தைந்து வருட ஓட்டுநர் பதிவுகளைக் கூட்டியது. மதிப்பெண் தொண்ணூற்றெட்டு என்றது. லோகித் சிரித்தார். உடனே கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது.

பொருள் பதினான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியுள்ளது. வரம்பு எட்டு லட்சம். புதுப்பிக்கவா, மாற்றவா?

லோகித்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "மேடம், மன்னிக்கணும், இது எந்திரம், அதுக்கு…" என்று இழுத்தார்.

நறுமுகை திரையை நிதானமாகப் படித்தாள். "ரெண்டும் வேண்டாங்க சார். இன்னும் பழகிட்டு இருக்குதுன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு விடை இதுல இல்லைங்களே. விதிப்படி நான் காரணத்தைக் காகிதத்துல கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போடுங்க."

லோகித் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒன்பது வருடம் பழகிய பழகுலோகப் பேனா அது. காகிதத்தில் முனை பட்டதும் அதுபாட்டுக்கு ஓடி, அழகான கையெழுத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி முடித்தது. அவர் அதை அடித்துவிட்டு அடுத்த வரியில் வைத்தார். மறுபடியும் நிராகரிக்கப்பட்டது. கையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். பேனா அவர் விரலை இழுத்துக்கொண்டு போனது. காகிதத்தில் ஐந்து நிராகரிப்புகள் வரிசையாக நின்றன. லோகித்துக்கு வியர்த்துவிட்டது.

நறுமுகை தன் கைப்பையைத் துழாவி, மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுத்த சாதாரண பால்பாயின்ட் பேனா ஒன்றை எடுத்து நீட்டினாள். அதற்கு எதுவும் தெரியாது. அவர் வாங்கி, 'இன்னும்' என்பதன் 'இ'யை ஆரம்பித்தார். சுழி கோணிக்கொண்டு போனது. ஒன்பது வருடத்தில் அவர் கை ஓர் எழுத்தையும் தானாக எழுதியதில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி குனிந்து, அடித்து அடித்து எழுதினார்.

நறுமுகை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா எழுதுங்க சார்" என்றாள். "பழகிரும்."