கழித்தது போக

ஜெசிந்தாவின் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் "கழி 30" என்று இருந்தது. ஆபத்து நூற்றுக்கு எண்பது என்று இவள் சொன்னால், உண்மையில் ஐம்பதுதான் என்று பொருள்.

மனவரைவி என்ற கருவி அளந்து சொன்ன எண் அது. தலையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு நாளில் ஆயிரத்து இருநூறு சின்ன முடிவுகளை எடுக்க வேண்டும்: எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்தக் காளானைத் தின்னலாம், இருவரில் பொய் சொல்பவர் யார். எதை முதலில் பார்க்கிறோம், எங்கே பொறுமை இழக்கிறோம் என்பதை வைத்து, கருவி நம் சிந்தனையின் கோணலை அளந்துவிடும். கண்ணாடிக் கடையில் பார்வைக்கு எண் கொடுப்பது போலத்தான். அவசரக்காரர்களுக்குக் கழிக்க வேண்டும். மெத்தனக்காரர்களுக்குக் கூட்ட வேண்டும். அட்டைகள் வந்தபின் விபத்துகள் பாதியாகக் குறைந்தன என்பதும் உண்மை.

மலைச்சரிவுக் காவலில் அவளுக்கு இது எட்டாவது மழைக்காலம். மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு மேலே இருந்த ஊற்றைப் பார்த்தாள். தெளிந்து வரும் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தது. மண்ணுக்குள் நீர் புதிதாக வழி அரித்தால்தான் அப்படி வரும்.

தொண்ணூறு, என்றது மனம். யோசிக்காமலே முப்பதைக் கழித்தாள். அறுபது. ஐம்பதைத் தாண்டினால் லயன் வீடுகளின் நாற்பது குடும்பங்களையும் வெளியேற்றலாம். ஆனால் ஆணை மாவட்ட அறையிலிருந்து வர வேண்டும்.

கொழுந்து பறிக்கும் கனகம் குடையோடு வந்தாள். "ஜெசி, கெளம்பட்டுமா? எம்மவ காச்சல்ல கெடக்கா, தூக்கிட்டுத்தான் போகணும்."

"இருங்கக்கா, கேட்டுச் சொல்றேன்."

"எதுக்கெடுத்தாலும் கேக்கணுமா? ஒம் புருசனையும் கேட்டுட்டுத்தான் கட்டுனியா?"

"ஆமாக்கா. அவரு அட்டையில கூட்டு பத்துனு இருந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். கனகம் மகளுக்கு மாத்திரை வாங்க மருந்தகத்துக்கு இறங்கினாள்.

வாக்கி டாக்கியில் மாவட்ட அறை அலுவலர் இளம்பரிதி கிடைத்தார்.

"அறுபது, சார்."

"ஒனக்கு முப்பது போகணுமேம்மா. அப்ப முப்பதுதான்."

"நான் கழிச்சுட்டுத்தான் சார் சொன்னேன்."

"களத்துல இருக்கவங்க கழிக்கக் கூடாதுன்னு தெரியும்ல?"

"பழகிப் போச்சு சார். மனசுல பட்டது தொண்ணூறு."

அவர் மனவரைவி தந்த அவளுடைய அறிக்கையைப் புரட்டினார்.

"பன்னெண்டாம் பக்கத்துல போட்டிருக்கும்மா. யாராவது மறுத்தா, மொதல்ல நெனச்சதைவிடக் கூட்டிச் சொல்லுவியாம். அஞ்சுக்கு நாலு தடவை."

அவளும் அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்திருக்கிறாள். அதில் தவறில்லை. ஊற்றைப் பார்த்தபோதே தொண்ணூறு என்று தோன்றியதா, அவர் மறுத்தபின் தோன்றுகிறதா? உள்ளே தேடிப் பார்த்தாள். தேடுகிற மனமும் அதே கோணல் மனம்தான்.

"நிச்சயமா கழிச்சியா?"

"தெரியல, சார்."

"அப்ப முப்பது. இரக்கப்படுறேன்னு என் அட்டையிலயும் கழி பத்து. இருபது. ஒரு மணி நேரம் பாப்போம்."

அவள் மழைமானியைப் பார்க்க மேட்டுக்கு ஏறினாள். பதினொன்று இருபதுக்கு, கீழே சரிவு முழுவதும் ஒரே பாயாக நழுவியது. பன்னிரண்டு வினாடிதான். லயன் வீடுகள் இருந்த இடத்தில் மண் இருந்தது.

விசாரணைக் குழு யார்மீதும் குற்றம் காணவில்லை. எல்லோரும் அட்டைப்படி சரியாகவே கழித்திருந்தார்கள்.

உயிர் பிழைத்த இருபத்து மூன்று பேரையும் முகாமிலேயே மனவரைவி அளந்தது. கருவி பொய் சொல்வதில்லை. மண் சரிந்ததைக் கண்டவர்களுக்கு இனி எந்தத் தூறலும் ஆபத்தாகவே தோன்றும். அட்டைகளைக் குத்திவிடும் வேலை ஜெசிந்தாவுக்கு வந்தது.

கனகம் தன் சேலையில் தொங்கிய அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன போட்டிருக்கு இதுல?"

"மழையப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் நாப்பது கழிக்கணும்னு, அக்கா."

"யாரு கழிப்பா?"

"எல்லாரும்," என்றாள் ஜெசிந்தா. "மொதல்ல நீங்களே."