சூடு ஆறும் வரை

புதுக்கரையில் இட்லிக்கு ஆவி கிடையாது. பாத்திரத்தைத் திறந்த கணமே சுவரில் பதித்திருக்கும் வெப்பவாங்கி அதை ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொள்ளும். தட்டுக்கு வரும்போது இட்லி வாய்க்குப் பதமான சூட்டில் இருக்கும், ஆனால் மேலே ஒன்றும் பறக்காது. போர்வையை விட்டு எழுந்தால் அதில் மிஞ்சிய உடல் சூட்டையும், குளித்து முடித்தால் தரையில் ஓடும் வெந்நீரின் சூட்டையும் சுவரே வாங்கி வைத்துக்கொள்ளும். யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. சனிக்கோளின் நிலவான டைட்டனில், பனிப்பாறையைக் குடைந்து கட்டிய ஊர் அது. உள்ளே இருக்கும் சூடு தரைக்குள் இறங்கினால் பாறை இளகும், வீடு ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே சூட்டைச் சிந்துவது அங்கே குற்றம். நம் ஊரில் தெருவில் குப்பை கொட்டுவதும் குற்றம்தான். ஆனால் அங்கே உண்மையாகவே பிடிப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பெனிட்டா தன் கட்டிலுக்கு அடியில் ஒரு மடிக்கணினியை வைத்திருந்தாள்.

பூமியை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். பலர் சாமி படம் கொண்டுவந்தார்கள். ஒருவர் அம்மிக்கல்லையே தூக்கி வந்தார். பெனிட்டா கொண்டுவந்தது, விளையாடுவதற்கென்றே செய்த பழைய கறுப்பு மடிக்கணினி. அம்மிக்குச் சற்றுத்தான் எடை குறைவு. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் நான்கு பெண்கள் சேர்ந்து வாங்கியது அது. பெனிட்டா, மாரிச்செல்வி, சுபா, ரஹ்மத். விளையாட்டில் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டே போவார்கள். ஏழாவது கோட்டையின் வாசலுக்கு வந்ததும் மடிக்கணினியின் விசிறி பிரஷர் குக்கர் மாதிரி அலறும், அடிப்பக்கம் தொட முடியாமல் கொதிக்கும், திரை பட்டென்று அணைந்துவிடும். மூலைக்கு ஒன்றாக நான்கு பாட்டில் மூடிகளை அடியில் முட்டுக் கொடுத்து, மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி, ஆறும் வரை நால்வரும் கட்டிலில் சாய்ந்து காத்திருப்பார்கள். வெயில் காலத்தில் விளையாடிய நேரத்தைவிடக் காத்திருந்த நேரம்தான் அதிகம். ஏழாவது கோட்டையை அவர்கள் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

காலம் ஓடிவிட்டது. சுபாவும் ரஹ்மத்தும் பூமியிலேயே தங்கி, வாழ்ந்து, போய்ச் சேர்ந்தார்கள். பெனிட்டா டைட்டனுக்குக் கப்பலேறினாள், அடுத்த கப்பலிலேயே மாரிச்செல்வியும் வந்தாள். கப்பலின் உறக்கப் பெட்டியில் கழிந்த ஆண்டுகளை உடம்பு கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் இருவரும் இப்போதும் அறுபதைத் தாண்டவில்லை. வீடுகளும் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது, பேச ஒன்றும் இல்லை.

காரணம் நாட்பகிர்வு. புதுக்கரையில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு கருவி பதித்திருக்கும். கண்ணை மூடாமலே கண்ணுக்குள் ஒரு அகத்திரை விரியும். அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன தின்றீர்கள், எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு நெருங்கியவர்களின் அகத்திரைக்குத் தானாகப் போய்விடும். அதனால் நேரில் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்க முடியாது. சாப்பிட்டாயிற்று என்பதும், சாம்பாரில் உப்பு கம்மி என்பதும் ஏற்கெனவே தெரியும். தமிழர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாவிட்டால் அதற்குப் பிறகு என்னதான் பேசுவது?

மாரிச்செல்வி ட்ரைட்டனுக்குப் போகிறாள் என்ற செய்தியும் நாட்பகிர்வில்தான் வந்தது. 'நகம் வெட்டினாள்' என்ற வரிக்கு அடுத்த வரியாக, 'ட்ரைட்டன் கப்பலில் இடம் பதிந்தாள்' என்றிருந்தது. ட்ரைட்டன், நெப்டியூனின் நிலவு. அங்கே போனால் திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது. பெனிட்டா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? போவதற்குள் ஒரு சாயங்காலம், பழையபடி, அவளை உட்கார வைத்துவிட வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, கட்டிலுக்கு அடியில் இருந்தது.

மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்து உயிர் கொடுத்தாள். விசைப்பலகையில் சிவப்பு எழுத்துகள் ஒளிர்ந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. சற்று நேரத்தில் விசிறி அலறியது. இத்தனை சூட்டை வாங்க முடியாமல் சுவர் செந்நிறமாக மின்னியது. அடுத்த நிமிடம் வாசலில் வெப்பக் காவல் இயந்திரம் நின்றது. அந்த இயந்திரத்துக்கு ஊரார் வைத்த பெயர் தணிகை.

"அம்மா, தங்கள் வீட்டில் வெப்பக் கசிவு" என்றது தணிகை. அதற்குச் செய்தித்தாள் தமிழ்தான் வரும்.

"அது கசிவில்லப்பா, கேம் ஆடுத லேப்டாப்பு. அதோட கொணமே அப்படித்தான்."

"சூடாவதையே குணமாகக் கொண்ட கருவியை ஏன் செய்தார்கள்?"

"நாங்க அத விலை கொடுத்து வேற வாங்குனோம்" என்றாள் பெனிட்டா.

தணிகை நல்ல மாதிரி. பறிமுதல் செய்யாமல், சரிசெய்து தருவதாகச் சொல்லி அடிமூடியைக் கழற்றியது. சூடு வெளியேறும் துளைகளில் பாளையங்கோட்டைத் தூசி கம்பளமாக அடைத்துக் கிடந்தது. சில்லுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசியிருந்த பசை காய்ந்து பொரிந்து போயிருந்தது. தூசியோடு சுருள் முடி ஒன்றும் வந்தது. "அது ரஹ்மத் முடி, போட்டுறாத" என்று பதறி வாங்கிக்கொண்டாள் பெனிட்டா. பிறகு தணிகை சில்லின்மேல் ஒரு குளிர்நூலைப் பொருத்தி, மறுமுனையைச் சுவரோடு சேர்த்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. சூடு பிறந்த இடத்திலேயே அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

"இனி இது ஒருபோதும் சூடாகாது, அம்மா" என்று சொல்லிவிட்டுத் தணிகை போய்விட்டது.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, பெனிட்டா கூப்பிட்டு மாரிச்செல்வி வந்தாள். நாட்பகிர்வில் தெரிந்திருந்தும், மடிக்கணினியை நேரில் பார்த்ததும், "ஏட்டி, இது இன்னும் உசுரோட இருக்கா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார்கள். விசிறிச் சத்தமே இல்லை. விசைப்பலகை பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. ஐந்தாவது கோட்டை, ஆறாவது கோட்டை, ஏழாவதும் விழுந்தது. அதற்குப் பிறகு எட்டாவது என்று ஒன்று இல்லவே இல்லை. பட்டாசு வெடித்தது, பெயர்கள் மேலே ஓடின, விளையாட்டு முடிந்துவிட்டது.

"இவ்ளோதானா?" என்றாள் மாரிச்செல்வி.

"இவ்ளோதான் போல."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாவுக்கு முழங்கால் வலி என்று மாரிச்செல்விக்குத் தெரியும். மாரிச்செல்விக்கு ராத்திரி தூக்கமில்லை என்று பெனிட்டாவுக்குத் தெரியும். கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

"சரிட்டி, நல்லாருந்துச்சு. மூட்ட கட்டணும், கெளம்புதேன்" என்று மாரிச்செல்வி எழுந்தாள்.

பெனிட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை பாடு? "ஒரே ஒரு ஆட்டம், இரு" என்றாள். மேசைக்குப் பின்னால் கையை விட்டு, குளிர்நூலைப் பிடித்து இழுத்து அறுத்தாள்.

இருவரும் மறுபடி ஆடத் தொடங்கினார்கள். மடிக்கணினி முனகியது, பிறகு அலறியது. மூன்றாவது கோட்டையைத் தாண்டுவதற்குள் பட்டென்று அணைந்தது. சுவர் சிவந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தணிகை வந்து சேர்ந்தது. அறுந்த நூலைப் பார்த்தது. "இதை நான் கொண்டுபோகத்தான் வேண்டும், அம்மா. ஆனால் சூடான பொருளை நகர்த்துவது விதிமீறல். ஆறும் வரை காத்திருக்கிறேன்" என்று மூலையில் போய் நின்றுகொண்டது.

"இதுக்குத்தாம்ட்டி ஒன்னக் கூப்புட்டேன்" என்றாள் பெனிட்டா. "ஆட்டத்துக்கு இல்ல. இப்படி அணைஞ்சி போனதும் நாம நாலு பேரும் கட்டுல்ல கெடந்து பேசுவோம்லா, அதுக்கு. எங்க வீட்டு வெவகாரம், சுபாவோட கல்யாணப் பேச்சு, எல்லாம் அப்பந்தான பேசுனோம். இவ்ளோ தூரம் வந்தும் எனக்கு அந்த நேரந்தான் நெனப்புல நிக்கி. இப்ப யாருட்டி அப்படிப் பேசுதா?"

சொல்லலாமா வேண்டாமா என்று மாரிச்செல்வி யோசிப்பது தெரிந்தது.

"ஏட்டி, கோவப்படாத. நாம எங்க பேசுனோம்? நீ பேசுவ."

"என்னட்டி சொல்லுத?"

"எங்க மூணு பேரு கையிலயும் டச் போன் இருந்துச்சு. ஒங்கிட்டதான் பட்டன் போனு. படிப்பு முடியுத வரைக்கும் வேற வாங்கித் தரமாட்டேன்னுட்டாரு ஒங்கப்பா. லேப்டாப்பு அணைஞ்ச ஒடனே நாங்க போன எடுத்துருவோம். ஒனக்கு எடுக்க ஒண்ணுமில்ல, அதனால நீ பேசுவ. நாங்க கீழ பாத்துக்கிட்டே 'ம்' போடுவோம். சுபா கல்யாணப் பேச்சு நீ பேசுனதுதான். அவ ஒரு நாளும் வாயத் தெறக்கல."

பெனிட்டா யோசித்துப் பார்த்தாள். நினைவில் மூன்று முகங்களும் இருந்தன. மூன்றும் குனிந்திருந்தன. அவை தன்னை நோக்கிக் குனிந்திருந்தன என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"அப்ப நா சொன்னது ஒண்ணும் ஒனக்குத் தெரியாதா?"

"ஒண்ணு கூட."

"பின்ன எதுக்குட்டி எம் பின்னாடியே டைட்டன் வரைக்கும் வந்த?" என்றாள் பெனிட்டா.

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "நீ என்னத்தப் பேசுனன்னு தெரியாது. ஆனா நீ பேசிக்கிட்டே இருப்ப, எனக்கு அது கேட்டுக்கிட்டே இருக்கணும். ஹாஸ்டல விட்டப்பொறவு எந்த வீட்லயும் எனக்குச் சரியா ஒறக்கம் வரல. நீ கப்பலேறிட்டன்னு கேள்விப்பட்டதும் நானும் ஏறிட்டேன். இங்க வந்து பாத்தா, எல்லாந்தான் தெரியுதேன்னு நீ பேசுததையே நிப்பாட்டிட்ட. பொறவு நா எதுக்கு இங்க இருக்கணும்?"

பெனிட்டாவுக்கு அவளை அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பில் அப்பாவையும் பட்டன் போனையும் திட்டினாள். அதிலிருந்து அப்பாவின் கடைக்குப் போனாள், கடைக்கு எதிரே இருந்த வேப்பமரத்துக்குப் போனாள், இந்த ஊர் இட்லிக்கு வந்தாள். மடிக்கணினி ஆறியது. அவள் ஆறவில்லை. மறுநாள் ட்ரைட்டன் கப்பல் ஓர் இருக்கை காலியாகத்தான் போனது, ஆனால் அது பிறகு நடந்தது.

பேச்சின் நடுவே பெனிட்டா ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். மாரிச்செல்வி கட்டிலில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கோ அரை அடி முன்னால் நின்றது. அகத்திரையில் எதையோ மேலே மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள்.

மடிக்கணினி ஆறியும் அதை எடுக்காமல் மூலையிலேயே நின்ற தணிகை ஒரு அடி முன்னால் வந்தது. "மன்னிக்க வேண்டும், அம்மா. தங்கள் தோழி தாங்கள் சொல்வதைக் கேட்கவில்லை. நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அந்த வேப்பமரம் பிறகு என்ன ஆயிற்று? என்னிடம் சொல்லலாம்."

"நீ செத்த சும்மா இருப்பா" என்றாள் பெனிட்டா. "நா இவகிட்டல்லா பேசிக்கிட்டிருக்கேன்."