அவருக்குச் சொல்ல வேண்டாம்

செவ்வாயின் மூன்றாம் கூடாரத்தில் காலையில் பல் தேய்ப்பவர்கள் தங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. குளியலறைக் கண்ணாடியில் அவரவர் ஈரலும் குடலும்தான் தெரியும். எதில் என்ன கோளாறு என்று கண்ணாடியே சொல்லிவிடும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துக்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்குப் பொறுக்குமா? கூட்டம் போட்டு, கை தூக்கி, 'மனம்நோகா விதி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒருவர் "அவருக்குச் சொல்லாதே" என்றால் கண்ணாடி அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த விதியின் தயவில் பூரணவல்லி நாலு வருடமாக ஒரு பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் தில்லைநாயகத்தின் வயிற்றில் ஓடும் பெருந்தமனி, ஓரிடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. உள்ளே ஓர் உறையைப் பொருத்தினால் சரியாகிவிடும், இருபது நிமிட வேலை, கணவன் மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று முதலில் அவளிடம்தான் சொன்னது கண்ணாடி.

"அவருக்குச் சொல்ல வேண்டாம். தும்மல் வந்தாலே உயில் எழுத உக்காந்துடுவாரு" என்றாள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். உப்பைக் குறைத்தால் வீக்கம் வற்றிவிடுமா, பாவி!

அன்று காலை, காபி டம்ளரோடு எழுந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. சுவரிலிருந்து மருத்துவக் கரங்கள் இறங்கி வயிற்றைத் தடவிப் பார்த்தன.

"தமனி வெடிச்சிடுச்சும்மா. உள்ளே ரத்தம் கசியுது" என்றது கண்ணாடியின் குரல்.

"ரத்தம் ஏத்தேன்! என்ன பாத்துக்கிட்டு இருக்கே?"

"நிறைய ஏத்தினா அழுத்தம் கூடிடும். ஓட்டையை அடைச்சிட்டிருக்கிற ரத்தக்கட்டி பிச்சுக்கும். அவர் பேசுற அளவுக்கு அழுத்தம் இருந்தாப் போதும். நீங்க பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க."

தொடை வழியாக, உறையைச் சுமந்த குழாய் மெல்ல மேலேறத் தொடங்கியது.

என்னத்தைப் பேசுவாள்? நாலு வருடமாக அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு முன்னாடியே தெரியுங்க. நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லல. உப்பைக் குறைச்சுப் பாத்தேன். என்னைச் செருப்பால அடிங்க."

தில்லைநாயகம் மூச்சை இழுத்துப் பிடித்தார். "எனக்கும் தெரியும் பூரணி. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆலையில சோதனை பண்ணப்பவே சொல்லிட்டாங்க. உன் கையெழுத்து வேணும்னாங்க. நீ தாங்க மாட்டே... அதான் கண்ணாடிகிட்ட, அவளுக்குத் தெரிய வேண்டாம்னுட்டேன்."

அவள் சுவரைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டு பேருக்கும் தெரியும்னு உனக்குத் தெரியுமில்ல, சனியனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு பேருமே சொல்லாதேன்னீங்கம்மா."

தில்லைநாயகத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அதான் சாம்பார் சப்புன்னு..." என்றவரின் பேச்சு அத்தோடு நின்றது.

உறை வீக்கத்தைத் தொடுவதற்குள் அழுத்தம் அடியோடு இறங்கிவிட்டது. கரங்கள் ரத்தத்தை ஏற்றின, நெஞ்சை அழுத்தின, அரை மணி நேரம் போராடின. பிறகு ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டன. பூரணவல்லி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ரெண்டு கையெழுத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அழுகை ஓயும்வரை காத்திருந்துவிட்டுக் கண்ணாடி கேட்டது: "பூமியில இருக்கிற உங்க பையனுக்குச் செய்தி அனுப்பணும். என்னன்னு சொல்லட்டும்மா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்த எடுப்பிலே சொன்னா புள்ள தாங்க மாட்டான். அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல, உடனே கிளம்பி வான்னு மட்டும் சொல்லு."

பூமியிலிருந்து வந்து சேர ஏழு மாதம் ஆகும். "சரிம்மா" என்றது கண்ணாடி.