காவேரியின் ஞாயிற்றுக்கிழமைகள்

அம்சவல்லி புதுப்பெண்ணாக சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து இறங்கியது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூர். அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் அந்தப் பக்கத்துப் பேரைச் சொன்னாலே கேட்பவர்கள் முகம் மாறிவிடும். அதனால் பக்கத்து வீட்டு ராஜம்மா விசாரித்தபோது "ஒரகடம் தாண்டி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரகடம் ரோட்டில் பழைய ஓட்டு வீடு. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜைமேல் வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ ஒன்று படுத்திருந்தது.

"அது இன்னாங்க?"

"இன்ஜின்" என்றான் சிவசங்கர். துணியை எடுத்தான். அவள் பெட்டியைத் தொப்பென்று கீழே போட்ட அதே ஆள்தான், துணியை மட்டும் தூங்குகிற குழந்தைமேலிருந்து எடுப்பதுபோல எடுத்தான்.

பித்தளை ரயில் இன்ஜின். முழ நீளம்கூட இருக்காது. பாய்லர், சக்கரம், டிரைவர் நிற்கிற கூண்டு, ஏறுகிற படி வரைக்கும் இருந்தது. சிவசங்கர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் டூல்ரூம் ஃபிட்டர். அங்கே மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே முழுக்க அப்பளத்தைவிட மெல்லிய பித்தளைத் தகடுகள். வெட்டி, மடித்து, ஈயத்தால் பற்றவைத்துப் பற்றவைத்து நாமே இன்ஜின் ஆக்க வேண்டும்.

"நானும் காவேரியும் ஆரம்பிச்சது" என்றான். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

காவேரி அவனுடைய முதல் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் பதினோரே நாளில் போய்ச் சேர்ந்தவள். அதெல்லாம் தெரிந்துதான் அம்சவல்லி கழுத்தை நீட்டினாள். செத்தவளோடு யாருக்கு என்ன சண்டை என்று நினைத்திருந்தாள், பாவம்.

"நான் பண்ணித் தரட்டா? ரேடியோ கம்பெனியில மூணு வருஷம் லைன்ல சால்டரிங்தான் பண்ணேன். ஒரு மணி நேரத்துக்கு நாப்பது போர்டு."

சிவசங்கர் சிரித்தான். "இது போர்டு இல்ல அம்சா. பித்தளை சூட்டை அப்படியே குடிச்சுடும். இந்தப் பக்கம் சூடு காட்டினா, முன்னாடி பத்தவச்ச அந்தப் பக்கம் விட்டுக்கும். அதுக்குன்னு ஒரு கை வேணும். இதோ பாரு, காவேரி பத்தவச்சது. ஈயம் இருக்கிறதே தெரியுதா? அவ கை மாதிரி யாருக்கும் வராது."

அம்சவல்லிக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், வந்த முதல் நாளே எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். மற்ற ஆறு நாளும் அவன் நல்ல புருஷன். வரும்போது பூ வாங்கி வருவான், குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும் வாய் திறக்கமாட்டான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்தால் இரண்டு மணிக்குச் சோறு ஆறிய பிறகுதான் எழுந்திருப்பான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும். அந்த முகத்தை அவள் பக்கம் அவன் ஒரு நாளும் காட்டியதில்லை.

நாலாவது ஞாயிறுதான் அவள் கவனித்தாள். போன வாரமும் அதே புகைபோக்கி, அதற்கு முந்தின வாரமும் அதே புகைபோக்கி. பாய்லர் தலையில் நிற்கிற, சுண்டுவிரல் நுனி அளவு குழாய். அதைத்தான் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"அத்த கேக்காத போ" என்றாள் ராஜம்மா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "ரெண்டு வருசமா அதே 'இன்னும் கொஞ்சம்தான்'. அந்தப் பொண்ணு இருக்கசொல்ல ரெண்டு பேரும் தலைய முட்டிக்கினு குந்தினு இருப்பாங்க. கூப்ட்டாக் கூட காது கேக்காது."

அவன்தான் வேண்டுமென்றே ஒப்புக்குப் பற்றவைக்கிறான், காவேரியை நினைத்துக்கொண்டு உட்கார ஒரு சாக்கு என்று அம்சவல்லி முடிவு கட்டினாள். அன்று சாயங்காலம் அவன் கடைக்குப் போன நேரம் துணியை விலக்கி, புகைபோக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. லைனில் மூன்று வருஷம் இருந்தவளுக்கு ஒரு நல்ல பற்று தெரியாதா? இது அருமையான பற்று.

திங்களும் ஆட்டிப் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன். கெட்டியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது, கரண்ட் போனது. ஃபேன் சுற்றி நின்ற பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அம்சவல்லி அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் "சுர்ர்" என்றது.

சூடான சால்டரிங் அயர்ன், பற்றுக்குத் தடவுகிற பேஸ்டைத் தொடும்போது வருமே, அந்தச் சத்தம். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். பின்னாலேயே வாசனையும் வந்தது. குங்கிலியம் கருகுகிற மாதிரி.

முறத்தை வைத்துவிட்டுப் போனாள். அயர்ன் ஆணியில் தொங்கியது, ஒயர் சுற்றியபடி. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கரண்ட் இல்லை.

சுர்ர்.

துணிக்கு அடியில்.

துணியை எடுத்தாள். புகைபோக்கி கழன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. விழுந்திருந்தால்கூட மனசு ஒப்பும். யாரோ எடுத்துப் பத்திரமாக நிறுத்தி வைத்ததுபோல நின்றது. தொட்டாள்.

விரல் பொசுங்கிவிட்டது.

சாயங்காலம் சிவசங்கர் வந்தபோது விரலில் கொப்புளம் இருந்தது. தோசைக்கல் சுட்டது என்றாள். உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவன் பயந்திருக்கமாட்டான். சந்தோஷப்பட்டிருப்பான். அதை நினைக்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்ததில் அவளுக்கு விஷயம் புரிந்துபோனது. இன்ஜின் முடிந்துவிட்டால் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். முடியாத வரைக்கும் அவன் வந்து உட்காருவான். உட்காருகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காவேரியுடையது. அப்படியானால் முடித்துவிட வேண்டியதுதான். ஒரே நாளில், பெயிண்ட் உட்பட.

அடுத்த வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவன் சைக்கிள் தெருவைத் தாண்டியதும் கதவைச் சாத்தினாள். ஸ்டவ்வில் அவனுடைய ஒயர் இல்லாத பெரிய அயர்னைச் சூடுபண்ணினாள். ஞாயிறு அவன் வைத்த பற்றை இளக்கி எடுத்து, பித்தளையைப் பளபளவென்று தேய்த்து, பேஸ்ட் தடவி, புகைபோக்கியை நிறுத்திப் பற்றவைத்தாள். ஈயம் தண்ணீராக ஓடி மடிப்புக்குள் புகுந்தது. அவன் சொன்ன காவேரி கைக்கு இது எதில் குறைச்சல்?

டக்.

பின்னால் ஏறுபடி கழன்று விழுந்தது. அதைப் பற்றவைத்தாள். கூண்டின் கூரை வாய் பிளந்தது. சுற்றிலும் ஈரத்துணி போட்டுச் சூடு பரவாமல் தடுத்தாள், கம்பி போட்டுக் கட்டினாள், துணிக்கு மாட்டுகிற கிளிப்பையெல்லாம் கொண்டுவந்து மாட்டினாள். இவள் ஒன்று ஒட்ட, அங்கே ஒன்று விட்டது. மணி பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. புடவை முழுக்க வேர்வை.

"எழுந்திரு காவேரி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு வருசம் ஆச்சு. போதும். இது என் வூடு."

பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை அசைந்துவிடும், கை அசைந்தால் பற்று போய்விடும். கடைசித் துளி ஈயம் இறுகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அப்புறம் எதுவும் விடவில்லை. புளி போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, பெட்டியோடு வந்த கறுப்புப் பெயிண்டை அடித்தாள். பெயிண்டுக்கு அடியில் யாருடைய பற்று எது என்று இனி எவனாலும் சொல்ல முடியாது.

சிவசங்கர் வந்து குனிந்து புகைபோக்கியைப் பார்த்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்றான்.

"முடிஞ்சிடுச்சு. நல்லால்லையா?"

"நல்லாத்தான் கீது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அம்சா." அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் அவனே அதைத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, மதியம் செங்கல்பட்டில் சினிமா பார்த்தார்கள். இடைவேளையில் அவன் முறுக்கு வாங்கிக் கொடுத்து என்னவோ சொல்லிச் சிரித்தான். அம்சவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை. செத்தவளை ஜெயித்தவள் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வரும்போது கழுத்திலிருந்து தாலிச் சங்கிலி சரிந்து காலடியில் விழுந்தது.

மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டு நரசிம்மன் ஆசாரி கடைக்கு ஓடினாள். அவர் கண்ணாடி மாட்டி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அறுந்தது இல்லம்மா. பத்தவச்ச எடம் விட்டுக்கினு கீது. யாரு இதுல சூடு காட்னது?"

"கழுத்துலயேதான் இருந்துச்சு."

ஆசாரி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். அடுத்த செவ்வாய் மறுபடியும் விட்டது. இந்தத் தடவை கழுத்தில், சங்கிலி கிடந்த இடத்தில், உளுந்து அளவு ஒரு சூட்டுத் தழும்பு. புருஷனிடம் வேர்க்குரு என்று சொல்லி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை.

ஏழு மணிக்கு சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். முழங்கை இரண்டும் உரிந்து ரத்தம்.

"ஜிஎஸ்டி ரோட்ல போய்க்கினே இருக்கேன் அம்சா, முன்சக்கரம் தனியாப் போவுது. பின்னாடி லாரி. டிரைவர் மட்டும் பிரேக் போடலன்னா..." அவன் முடிக்கவில்லை. பிறகு, ஃபிட்டர் புத்தி விடுமா, ஃப்ரேமைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். "பாரேன். ஒரு விரிசல் கிடையாது. பித்தளை வச்சுப் பத்தவச்ச எடம் அப்படியே உருகி விட்டிருக்கு. ரோட்ல போற சைக்கிளுக்கு எங்கேருந்து அவ்ளோ சூடு?"

குங்கிலிய வாசனை அவன் சட்டையில் அடித்தது.

அம்சவல்லிக்கு எல்லாம் விளங்கியது. கூட உட்கார விடாவிட்டால் காவேரி அவனைக் கூட்டிக்கொண்டே போய்விடுவாள். உயிரோடு இருக்கிறவளுக்கே விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை, செத்தவளுக்கு எங்கிருந்து வரும்? இவளே அந்த இடத்தில் இருந்தால் விட்டுக்கொடுப்பாளா? மாட்டாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், அவன் ஷிஃப்டில் இருக்கும்போது, அலமாரியைத் திறந்தாள். இன்ஜினை மேஜையில் வைத்தாள். கத்தியால் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டி, அயர்னை வைத்து அழுத்தினாள். பெயிண்ட் கருகி நாறியது. தன் வாழ்நாளில் பற்றவைத்ததிலேயே நல்ல பற்று அது. அது இளகி, புகைபோக்கி கையோடு வந்தது.

"இந்தா" என்றாள் காலியான அறையைப் பார்த்து. புகைபோக்கியை மேஜையில் நிறுத்தி வைத்தாள். "ஞாயித்துக்கெழம நீயே வச்சுக்கோ. ஆளை மட்டும் வுட்டுடு."

பெயிண்ட் நாற்றம் சட்டென்று நின்றுபோனது.

மறுநாள் காலையில், "இன்னாங்க, புகைபோக்கி விட்டுக்கிச்சு பாருங்க" என்றாள். கட்டுப்போட்ட முழங்கையோடு அவன் சின்னப்பிள்ளைபோல எழுந்து ஓடினான். பழைய நிம்மதி முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்சவல்லி அதைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போனாள்.

பத்து மணிக்குக் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சிவசங்கர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வலது கையில் அயர்ன். இடது கையில் ஈயக் கம்பி. கிளிப் இல்லை, கம்பிக்கட்டு இல்லை. புகைபோக்கி பாய்லருக்கு ஒரு நூல் மேலே, எதையும் தொடாமல் நின்றது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றான் அவன், தலை நிமிராமல்.

புகைபோக்கி நகர்ந்தது.

"ம். அங்கதான். அப்படியே ஆடாம புடிச்சுக்கோ."

சுர்ர் என்றது. ஈயம் ஓடி இறுகும்வரை புகைபோக்கி இம்மியும் அசையவில்லை. அவன் அயர்னை எடுத்துவிட்டு, குனிந்து ஊதிப் பார்த்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தான்.

"இப்பதான் உன் கை படியுது அம்சா" என்றான், பக்கத்தில் காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்து.

அவன் சொன்னது அவள் பேர்தான், உட்கார்ந்திருந்தது அவள் இல்லை. அம்சவல்லி தாலிச் சங்கிலியை விரலால் தடவிப் பார்த்தாள், முழுசாக இருந்தது. காபியை நிலைப்படி ஓரமாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய் உலையில் அரிசி போட்டாள்.