கவரோடு மாட்டிய தாள்

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழ்நகரில், விரலை நீட்டிச் சுவரிடம் ஒரு கடி வாங்கிக்கொண்ட பிறகுதான் காலைக் காப்பி. சுவர் ஒரு துளி ரத்தத்தைச் சுவைத்துவிட்டு, "மலேரியா இல்லை" என்று சொல்லும். யாரோ ஒரு புண்ணியவான் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்த நீர்ச்செடியில் கொசு வந்தது. காய்ச்சலை மனிதனே தன் ரத்தத்தில் சுமந்து வந்தான்.

நிர்வாகம் வீட்டுக்கு ஒரு கொசு விலக்குத்தாள் கொடுத்தது. சுவரில் மாட்டினால் போதும்; அதிலுள்ள மருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் கசிந்து அறை முழுக்கப் பரவும். ஆளிருக்கும் திசை தெரியாமல் கொசு திண்டாடும்.

குற்றாலிங்கம் தாளைக் கூடத்தின் நட்ட நடுவில், வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டினார். பிளாஸ்டிக் கவரை மட்டும் பிரிக்கவில்லை. அவர் வீட்டில் நாற்காலி, மெத்தை எல்லாமே வந்த கவரோடுதான் இருந்தன.

எதிர்வீட்டு அருளப்பன் வந்து பார்த்தார். "கவரு அப்படியே இருக்கே, அண்ணாச்சி?"

"பிரிச்சா செம்மண் தூசி படியும்லா. புதுசாவே இருக்கட்டும்வே."

அருளப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்குப் போய், தம் தாளுக்குப் பிரித்த கவரை மறுபடி போட்டு ஒட்டினார்.

ஒருநாள் காலையில், குற்றாலிங்கத்தின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி செண்பகவடிவின் விரலைச் சுவைத்த சுவர், "மலேரியா உண்டு" என்றது. குளிரில் அவள் பற்கள் தந்தியடித்தன. செவிலி எந்திரம் உருண்டு வந்து மருந்து கொடுத்தது.

"ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இன்னொரு தடவை வரக் கூடாது" என்றது. பிறகு தாளைப் பார்த்தது. "கவருக்குள் இருந்தால் ஆவி எப்படி வெளியே வரும்?"

பாவம், அதற்கு மனிதர்களைப் பற்றி முழுதாகக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"பாழாயிரக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தார் குற்றாலிங்கம்.

"அந்தக் கவருக்குள்ள என்னையத் தூக்கிப் போட்டிருக்கலாம்லா?" என்றாள் செண்பகவடிவு, நடுக்கத்தினூடே.

அவர் கவரைப் பிரித்தார், கிழியாமல். அதன்பின் அந்த வீட்டுக்குள் கொசு தலைகாட்டவில்லை. செண்பகவடிவு எழுந்து நடமாடினாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது.

நல்ல கவரைத் தூர எறிய யாருக்கு மனம் வரும்? நான்கு ஓரத்தையும் மடித்து, வாசல் செடித்தொட்டிக்கு அடியில் தட்டுபோல வைத்தார். வழிந்த நீர் அதில் தெளிவாகத் தேங்கி நின்றது.

அடுத்த மாதம் அருளப்பனின் ஐந்து வயது மகளைச் சுவைத்து, எதிர்வீட்டுச் சுவர் "உண்டு" என்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பதறி ஓடிவந்தார். குற்றாலிங்கம் தம் வாசலில் நின்றபடியே, எதிர்வீட்டுக் கூடத்தில் கவரோடு தொங்கிய தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தாளைக் கவரோடயா மாட்டுவாரு ஒரு மனுசன்? படிச்சவர்தானவே நீரு?"

அவர் காலடியில் இருந்த கவர்த் தட்டில் புத்தம்புதிய கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.