பதினான்கு சுற்று

தில்லைவாணியின் ஜாஸ் ஆவணப்படம் ஒன்பது நாளில் நாற்பது லட்சம் வீடுகளில் ஓடிவிட்டது. எந்த இரண்டு வீட்டிலும் ஒரே படம் ஓடவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இயக்குநரே வெட்டிக் கோத்துப் படம் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. எடுத்ததையெல்லாம், ஆளுக்கேற்றபடி காட்சிகளைக் கோத்துக் காட்டும் இழைப்பி என்ற கணினியிடம் கொட்டிவிட வேண்டியதுதான். மூலப்பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூட ஒப்பந்தம் விடாது. திரையின் விளிம்பிலுள்ள திரைக்கண், பார்ப்பவரின் விழியையும் அவர் அறையையும் கவனித்துக்கொண்டே இருக்கும். விழி விலகினால் சலிப்பு என்று பொருள். அந்த நொடியே இழைப்பி வேறு காட்சிக்குத் தாவிவிடும். பந்தியில் இலைக்கு இலை வேறு சாப்பாடு போடுவதைப் போலத்தான். யாருக்கும் குறையில்லை. பக்கத்து இலையில் என்ன விழுந்தது என்றுதான் யாருக்கும் தெரியாது.

இன்னொரு விதியும் உண்டு. பத்து நாளில் ஒருவர்கூட முழுதாகப் பார்க்காத காட்சியை இழைப்பி அழித்துவிடும். இன்று மாலையோடு அழியப்போவது நாலு நிமிடம்.

அயனாவரத்து மன்றமொன்றில் எடுத்தது அது. டிரம்பெட் கலைஞர் கர்டோசா பக்கவாதத்திலிருந்து தேறி முதல்முறையாக மேடையேறியிருந்தார். நடுவில் அவர் வாசிப்பு நின்றுபோயிற்று. ஜாஸில் எழுதிவைத்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அந்தந்த நொடியில் பிறப்பது. பியானோவில் இருந்த ரூபஸ், கர்டோசாவின் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் ஒரே சிறு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பதினான்கு சுற்று. அடுத்த சுற்றில் கர்டோசா ஒரு தப்பான ஸ்வரத்தோடு திரும்பி வந்தார். ரூபஸ் அதற்கு அடியில் இன்னொரு ஸ்வரத்தை வைத்தார். தப்பு சரியாகிவிட்டது. ரூபஸ் சிரித்தார்.

ரூபஸ் தில்லைவாணியின் கணவர். இறந்து பதினோரு மாதமாகிறது. நல்ல ஜாஸ் படமென்றால் வாசிப்பதைக் காட்டினால் போதாது, காத்திருப்பதையும் காட்ட வேண்டும் என்று அவள் எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருந்தாள். அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் படத்தையே எடுத்தாள்.

இழைப்பி நிறுவனத்தில் வேலை பார்க்கும் யாழவனைக் கூப்பிட்டாள்.

“ஒருத்தர்கூடவா முழுசா பாக்கல?”

“இல்ல மேடம். அவர் சிரிக்கிற இடத்துல எல்லாரும் கண்ணைத் திருப்பிடறாங்க. போரடிக்குது போல.”

“நாலு நிமிஷம் பொறுக்காத ஜனங்களுக்கு எதுக்குப்பா ஜாஸு?”

அவன் தயங்கினான். “கோச்சுக்காதீங்க மேடம். நீங்களே ஒன்பது தடவை பாத்திருக்கீங்க. ஒன்பது தடவையும் அதே இடத்துல திரும்பிட்டீங்க.”

காட்சி அறுந்ததெல்லாம் இழைப்பியின் கோளாறு என்று அவள் நினைத்திருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருந்தது.

“எந்தப் பக்கம் திரும்பினேன்?”

“இடது பக்கம்.”

இடது பக்கம் ரூபஸின் நாற்காலி.

“மத்தவங்க?”

“பக்கத்துல யாராவது இருந்தா அவங்க பக்கம். இல்லன்னா காலி நாற்காலி பக்கம்.”

“அதுக்குப் பேரு சலிப்பா?”

“கண்ணு விலகினாலே இழைப்பிக்குச் சலிப்புதான் மேடம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரே ஒருத்தர் முழுசா பாத்தாப் போதும், காட்சி தப்பிச்சிடும்.”

தில்லைவாணிக்குப் புரிந்தது. ஊர் பேர் தெரியாத ஜனங்கள், ரூபஸ் சிரித்ததும் ‘பாத்தியா?’ என்று கேட்கப் பக்கத்தில் திரும்பியிருக்கிறார்கள். ஒரு படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

மணி நாலரை. திரைக்கு முன் உட்கார்ந்தாள். முதல்முறை திரும்பிவிட்டாள். இரண்டாம் முறையும். பிறகு எழுந்து, ரூபஸின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அழுதுகொண்டேதான் செய்தாள்.

மூன்றாம் முறை, முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பதினான்கு சுற்று. தப்பான ஸ்வரம். சிரிப்பு. கழுத்து தானாகத் திரும்ப முயன்றது, அவள் விடவில்லை. சிரித்த ரூபஸ் சட்டென்று கேமராவின் பக்கம், அதன் பின்னால் நின்றிருந்த அவள் பக்கம் திரும்பினார். காட்சி முடிந்தது.

மறுநாள் காலை யாழவனே கூப்பிட்டான். குரலில் குதூகலம்.

“மேடம், தப்பிச்சிடுச்சு! அதுக்குள்ள பன்னெண்டாயிரம் பேர் முழுசா பாத்துட்டாங்க.”

“திடீர்னு எப்படிப்பா?”

“உங்களை வச்சு இழைப்பி கத்துக்கிச்சு. எந்த மாதிரி ஆளுக்கு இது பிடிக்கும்னு இப்ப அதுக்குத் தெரியும். ஒரே ஒரு நாற்காலி இருக்கிற ரூமாப் பாத்துப் போடுது.”

அவள் சாத்தியிருந்த பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

“ரெண்டு பேராப் பாத்தா?”

“திரும்பிடுவாங்கல்ல? முன்னாடியே எடுத்துடும்.”

“கர்டோசா இன்னும் பாக்கலையேப்பா. அவர் வீட்டுல?”

“அவர் சம்சாரத்தோட உக்காந்துதான் பாக்கறாரு மேடம். அங்க வராது.”