நெய்தல்-3க்கு ஆதரவு இல்லை

எங்கள் ஊரில் யாரும் எதையும் அணைப்பதில்லை. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றும், பூட்டிய வீட்டில் ஃபிரிட்ஜ் முனகும். வீடு மாறுகிறவர்கள் கிரைண்டரைக்கூட பேட்டரியோடு சேர்த்து, ஓடவிட்டபடியே வண்டியில் ஏற்றுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அந்த வீட்டு பேட்டரியைத்தான் பார்ப்பார்கள். இந்த லட்சணத்தில் ஊர் எல்லையில் 'விழித்திருக்கும் ஓசூர் வரவேற்கிறது' என்று வளைவு வேறு. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எல்லாக் கருவிக்குள்ளும் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அந்தப் பலகையில் முதலில் கண்விழிப்பது துவக்கி. பழைய ஆட்கள் பூட்லோடர் என்பார்கள். அது விழித்தவுடன் எங்கள் அலுவலகத்து இயந்திரத்திடம் ஒரே கேள்வி கேட்கும்: இந்தப் பலகைக்கு இன்னும் ஆதரவு உண்டா? உண்டு என்று ஒப்பமிட்ட பதில் போனால்தான் மற்றதெல்லாம் எழும். இல்லையென்றால் கருவி பிணம். ஓடிக்கொண்டிருப்பதை யாரும் எதுவும் கேட்பதில்லை. அணைத்துப் போட்டால்தான் வம்பு.

நான் அந்தத் துவக்கி ஆதரவுப் பிரிவில் பொறியாளர். எங்கள் இயக்குநர் கிரிதரனுக்குப் பலகையில் எது தலை எது வால் என்று தெரியாது. தொலைபேசி எடுக்கிறவராகச் சேர்ந்தவர். யார் என்ன குறை சொன்னாலும் 'ஒருமுறை அணைத்துப் போடுங்கள்' என்று சொல்வதற்குத்தான் அங்கே சம்பளம். கேட்டு அணைத்தவர்களில் பாதிப் பேர் புதுக் கருவி வாங்கினார்கள். அதைத் தன் சாதனையாகக் காட்டி மனிதர் மேலே மேலே போனார். அவர் குரலைத்தான் பதிவு செய்து இன்றும் ஆதரவு லைனில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

போன மாதம் நெய்தல்-3 பலகைக்கு ஆதரவை நிறுத்தப்போவதாக அறிவித்தார். அந்தப் பலகையின் துவக்கியை எழுதியவள் நான். அது யார் யார் கருவிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது, அணைந்தால் எழாது என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். அவர் போண்டாவைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அணைக்காம இருக்கச் சொல்லுங்க நாச்சியார். அதுக்கெல்லாம் நாம பொறுப்பா?”

எங்கள் பிரிவில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. ஒரு பலகைக்கு ஆதரவு போனால் அதன் பதிலுக்கு ஒப்பமிடும் சாவி இருக்கும் சில்லை எல்லோர் முன்னிலும் அரைவை எந்திரத்தில் போட்டுத் தூளாக்குவார்கள். அதைச் 'சாவிகரைப்பு' என்பார்கள். கரைக்கிறவருக்குச் சால்வை போர்த்துவார்கள். அந்தச் சாவி போய்விட்டால் அந்தப் பலகைக்கு இனி யாராலும் ஒப்பமிட முடியாது. பெட்டகத்தில் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். பொத்தானை அவரே அழுத்தினார். கைதட்டினார்கள், தடியன்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவரிடமிருந்து அழைப்பு. குரலே மாறிப்போயிருந்தது. அவர் மனைவி யமுனாவுக்குத் தசைகள் செயலிழக்கும் நோய். மூச்சுக்கருவி இல்லாமல் தானாக மூச்சு விட முடியாது. அந்தக் கருவி எழ மாட்டேன் என்கிறதாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கட்டிலருகே நர்ஸ் ஸ்டெல்லா ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கி அந்தம்மாவுக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள்தான் சொன்னாள். கருவி கத்தியிருக்கிறது. குழாய் மடங்கியிருக்கும், இதோ பார்க்கிறேன் என்று இவள் எழுந்திருக்கிறாள். அதற்குள் இயக்குநர் இவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஊருக்கெல்லாம் சொன்ன அதே வைத்தியத்தைச் செய்துவிட்டார். அணைத்துப் போட்டார். குழாய் மடங்கித்தான் இருந்ததாம்.

விலையுயர்ந்த கருவி, மேலே ஏதோ வெளிநாட்டுப் பெயர். மூடியைக் கழற்றினேன். உள்ளே நெய்தல்-3. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இது நம்ம பலகையா?” என்றார். பிறகு என் காதருகே வந்து, “இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒப்பம் போட்டுக் குடுங்க. வெளிய தெரிய வேண்டாம்” என்றார்.

இந்த ஒன்றுக்கு மட்டும்! அந்த நேரத்திலும் மனிதருக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எதை வெச்சுப் போடறது சார்? சாவியத்தான் அரைச்சாச்சே. நீங்கதானே பொத்தான அழுத்தினீங்க.”

மருத்துவமனையில் அவருக்கு வேண்டியவர்கள் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டார்கள். ஓடுகிற கருவி எல்லாவற்றிலும் நோயாளி இருந்தார். சும்மா நின்றவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றிலும் இதே பலகை, இதே சிவப்பு விளக்கு. சென்னையிலிருந்து புதுக் கருவி வர மறுநாள் காலை ஆகும் என்றார்கள்.

ஸ்டெல்லா கையை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தாள். பையை வாங்கி கிரிதரன் கையில் கொடுத்தேன். அவசர அவசரமாக அமுக்கினார். நிதானமா சார், உங்க மூச்சோட சேர்த்து அமுக்குங்க என்று ஸ்டெல்லா அதட்டினாள். யமுனா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், காலை வரைக்குமா என்று கேட்டார். ஆமாம், நாம மூணு பேரும் மாத்தி மாத்தி என்றேன்.

அப்போது மேஜைமேல் என் கைப்பேசி அடித்தது. ஆதரவு லைனில் சமாளிக்க முடியாத அழைப்பை என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். ஸ்பீக்கரில் போட்டேன். மத்திகிரியிலிருந்து ஒரு பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“எங்க வீட்டுக்காரரோட மூச்சு மிஷினு கத்துச்சும்மா. உங்க லைன்ல ஒரு சார் அணைச்சுப் போடச் சொன்னாரு. போட்டேன். செவப்பு லைட்டு மட்டும் எரியுது.”

“கையால அமுக்குற ரப்பர் பை ஏதாவது வீட்ல இருக்காம்மா?” என்றேன்.

“பையா? அதெல்லாம் யாரும் குடுக்கலியே. அந்த சார்கிட்டயே கேட்டுச் சொல்லுங்களேன், அடுத்து என்ன பண்ணணும்னு.”

கைப்பேசியை எடுத்து கிரிதரனின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் நிமிரவில்லை. பையை அமுக்கிக்கொண்டே இருந்தார்.